விளக்குக்காரியின் ஆரஞ்சு அங்கி

எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. பகல் முழுக்க வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கிற பையருக்கு மெயில் எழுதுவதும், துணி ஏன் இன்னும் வரவில்லை என்று சாயப்பட்டறைக்காரரிடம் சண்டை போடுவதும்தான் பிழைப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு அனிமே பார்ப்பேன். இதைச் சொன்னால் ஜனங்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். மாமியார் மருமகளுக்குப் பாலில் விஷம் வைப்பதை வருடக்கணக்கில் சீரியலில் பார்க்கிறவர்கள், இன்னுமா பொம்மைப் படம் பார்க்கிறீர்கள் என்று என்னிடம் கேட்கிறார்கள். முன்பெல்லாம் அனிமே என்றால் ஜப்பான் நாட்டுக் கார்ட்டூன், அதைப் பெரியவர்களும் பார்க்கலாம் என்று வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது "ஆமாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

எல்லாம் வேலம்பாளையத்து லைன் வீட்டில் ஆரம்பித்தது. ஒரே வரிசையாக வீடுகள், எல்லாருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள், இரண்டு பேருக்கும் பனியன் கம்பெனியில்தான் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவர்கள் திரும்பும்வரை எங்கள் ராஜ்யம்தான். வரிசையில் ஒரு வீட்டில் மட்டும் கேபிள் இருந்தது. அந்த வீட்டு அக்கா கால் கழுவிவிட்டு வந்தால்தான் உள்ளே விடுவார். ஈரக்கால்களோடு சிமெண்ட் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்து கார்ட்டூன் பார்ப்போம். மலை உச்சியிலிருந்து விழுந்து அப்பளமாகி, அடுத்த நொடியே தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓடுகிற மிருகங்களைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

அந்த மிருகங்களுக்கு நடுவே ஒருநாள் அவள் வந்தாள். நடுக்கடலில் ஒரு பாறை, அதன்மேல் ஒரு கலங்கரை விளக்கம், அதில் தனியாக வாழ்கிற ஒரு பெண். புயலில் கப்பல் எதுவும் சிக்கினால் சின்னப் படகை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் ஆரஞ்சு நிற அங்கி ஒன்று போட்டிருப்பாள். அது காற்றில் படபடக்கும். கதையில் வில்லன் கிடையாது, கடல் மட்டும்தான். அது ஜப்பானில் செய்தது என்றெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தமிழில் பேசினார்கள், அதனால் தமிழ்ப் படம். அதிலும் மாலுமிகள் அத்தனை பேரும் சென்னை ஆட்டோக்காரர்கள் மாதிரி பேசினார்கள். கப்பல் கவிழப்போகிற நேரத்தில்கூட "இன்னா தலீவா" என்றுதான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

நாங்கள் அவளுக்கு விளக்குக்காரி என்று பெயர் வைத்தோம். கடலையே பார்க்காத பிள்ளைகள் நாங்கள். ஒருநாள் சீக்கிரம் வேலை முடிந்து என்னைத் தேடி வந்த அப்பா, அந்த வீட்டு வாசலில் நின்றபடியே அவள் புயலில் கிளம்புவதைப் பார்த்துவிட்டார். கடற்கரையில் பிறந்து வளர்ந்த மனிதர். "ஏ புள்ள, இந்தக் காத்துக்கு எவன் தோணி எடுப்பான்?" என்று கேலி செய்தார். கேலி செய்தவர் செருப்பைக் கழற்றாமல் கதை முடியும்வரை நின்றார். அவள் கரை சேர்ந்த பிறகுதான் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

ஒருநாள் அவளைக் காணோம். அதே நேரத்துக்கு வேறு ஏதோ நிகழ்ச்சி போட்டார்கள். கதை பாதியில் நின்றுவிட்டது. கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? நான் மூன்று வேளையும் சாப்பிட்டேன், பள்ளிக்கூடம் போனேன், ஆனால் மனசு முழுக்க அந்தப் பாறையில்தான் இருந்தது.

முடிவைப் பார்த்தது கல்யாணமாகி, மகள் பிறந்து, கையில் ஸ்மார்ட்போன் வந்த பிறகு. பெயர் தெரியாத கதையை இணையத்தில் எப்படித் தேடுவது? ஆரஞ்சு அங்கி, விளக்கு, படகு என்று முகம் தெரியாத ரசிகர்களிடம் அடையாளம் சொல்லிச் சொல்லித்தான் கண்டுபிடித்தேன். ஜப்பானிய மொழியில் அவள் பேசியபோது யாரோ அந்நியப் பெண் போலத்தான் இருந்தது. சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தேன். தமிழ்க் குரலை என் தலைக்குள்ளேயே போட்டுக்கொண்டேன். கடைசியில் அவள் சாகவில்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. விளக்கைத் துடைத்துவிட்டு டீ போட்டுக் குடித்தாள். அவ்வளவுதான். தேம்பித் தேம்பி அழுதேன், அவ்வளவு சந்தோஷம்.

அந்த வழியில் போய்த்தான் மற்ற அனிமேக்கள் எல்லாம் எனக்குக் கிடைத்தன. அவற்றில் சண்டை இருக்கிறது, ராட்சசர்கள் இருக்கிறார்கள், வானம் இரண்டாகப் பிளக்கிறது. எனக்குப் பிடித்தது அதெல்லாம் இல்லை. உலகமே அழியப்போகிறது என்கிற இடத்தில் ஒருத்தி உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டுவாள். அதை அவசரமில்லாமல் முழுசாகக் காட்டுவார்கள். ஒரு முட்டை வெந்து வருவதை அப்படி வரைந்திருப்பார்கள், எனக்குப் பசி எடுத்துவிடும். மழை பெய்யும், யாரும் எதுவும் பேச மாட்டார்கள். ஷிப்மென்ட் எப்போது, சாம்பிள் எப்போது என்று நாள் முழுக்க விரட்டப்படுகிறவளுக்கு அந்த மழை எவ்வளவு பெரிய விஷயம் என்று சீரியல் பார்க்கிறவர்களுக்கு எப்படிச் சொல்வது?

மகளுக்குச் சின்ன வயதில் சொல்லவே தேவையில்லாமல் இருந்தது. என் மடியில் உட்கார்ந்து, என் தட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். இப்போது பதினான்கு வயது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் அறையில் அவளுடைய அனிமேக்களைப் பார்க்கிறாள். நான் எட்டிப் பார்த்தால் திரையைத் திருப்பிக்கொள்கிறாள். என் விளக்குக்காரி பழசாம், வேகமே இல்லையாம். அன்றைக்குக் கோபத்தில் ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டேன்.

போன வருடம் ஒருநாள், கோயம்புத்தூரில் அனிமே ரசிகர்கள் கூடுகிறார்கள், பிடித்த பாத்திரத்தின் வேஷத்தில் போகலாம், மேடையில் நடக்கலாம் என்று அவளும் அவளுடைய தோழிகளும் போனில் பேசியது என் காதில் விழுந்தது. எந்த வயதுக்காரர்களும் வரலாம் என்று அறிவிப்பில் போட்டிருந்தது. எனக்கு ஆசை வந்துவிட்டது. எத்தனையோ நாட்டுப் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் பிரிண்ட் போட்ட டி-ஷர்ட்டுகளைப் பெட்டி பெட்டியாக அனுப்பியிருக்கிறேன். எனக்கென்று ஒன்றுகூட இல்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த ஆரஞ்சு அங்கியைப் போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்க வேண்டும் போலிருந்தது.

மகளிடம் சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போனது. அவளுடைய அப்பா சமாதானம் பேசினார், அதன் பிறகுதான் வாய் திறந்தாள்.

"நீ வர்றதுன்னா வாம்மா. ஆனா நீ என்ற அம்மான்னு யாருகிட்டயும் சொல்லக் கூடாது. எங்ககூட நிக்கவும் கூடாது."

சரி என்றேன். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அந்த வயதில் என் அம்மா தலையில் பஞ்சுத் தூசியோடு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாலே எனக்கு எங்கேயாவது ஒளிந்துகொள்ளத் தோன்றும். இவள் அம்மாவோ புயலில் படகு ஓட்டுகிறவளின் வேஷத்தில் வரப்போகிறாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

அங்கி தயாரானதே ஒரு திருவிழா. கம்பெனியில் ஆர்டர் முடிந்து மிச்சமான ஆரஞ்சுத் துணி ஒரு ரோலில் கொஞ்சம் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கினேன். நல்ல கனமான பின்னல் துணி. ஒடிசாவிலிருந்து வந்து எங்களிடம் வேலை செய்கிற டெய்லர் ஒருவரிடம் போனில் படத்தைக் காட்டினேன். அவருக்குத் தமிழ் அரைகுறை, எனக்கு இந்தி சுத்தமாக வராது. படத்தைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் துடுப்புப் போட்டுக் காட்டினார். அவர் ஊரில் அதை இந்தியில் பார்த்திருக்கிறார். அந்த மாலுமிகள் அங்கே எந்த ஊர் பாஷை பேசினார்களோ. சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் ரோலைப் பிரித்தோம், வெட்டினோம், தைத்தோம். அவர் சிரித்துக்கொண்டே தைத்தார்.

என் வீட்டுக்காரர் அயர்ன் மாஸ்டர், சொந்தமாகச் சின்ன யூனிட் வைத்திருக்கிறார். பெருமாநல்லூர்க்காரர். பொம்மைப் படத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். அங்கியை எடுத்துப்போய் ஆவி அயர்ன் போட்டு, ஒரு சுருக்கமில்லாமல் ஹேங்கரில் மாட்டிக் கொண்டுவந்தார். நான் போட்டுக் காட்டியதும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "அம்மிணி, கலெக்டரம்மா மாதிரியே இருக்கறே" என்றார். கலெக்டர் எதற்கு ஆரஞ்சு அங்கி போடப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்த பெரிய பதவி அது.

இதில் எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் யாருமே செய்யக் கூடாத தப்பு ஒன்றைச் செய்திருந்தோம். பின்னல் துணியை ரோலிலிருந்து பிரித்ததும் வெட்டக் கூடாது. ஒரு நாள் விரித்துப் போட்டு வைக்க வேண்டும், ரிலாக்ஸ் விடுவது என்று சொல்வோம். விடாமல் வெட்டினால் அளவு நிற்காது, ஒன்று சுருங்கும், இல்லையென்றால் இழுத்துக்கொண்டே போகும். இதற்காகக் கட்டிங் ஆட்களிடம் நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அன்றைக்குச் சந்தோஷத்தில் மூன்று பேருக்குமே அது ஞாபகம் வரவில்லை. போதாததற்கு ஆவி காட்டி, இரவு முழுக்கத் தொங்கவும் விட்டிருந்தோம்.

மறுநாள் மகளும் தோழிகளும் ஒரு பஸ்ஸில் போனார்கள், ஒப்பந்தப்படி நான் அடுத்த பஸ்ஸில் போனேன். ஒரு கல்லூரி அரங்கம் அது. உள்ளே நுழைந்ததும் எனக்கு இறக்கை முளைத்துவிட்டது. நீலமுடிப் பையன்கள், காகித வாள்கள், அட்டையில் செய்த கவசங்கள். ஒரு ராட்சசன் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒருவரும் என்னை ஒரு மாதிரி பார்க்கவில்லை. கல்லூரிப் பெண்கள் அக்கா அக்கா என்று வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். விளக்குக்காரியின் கதை அங்கே யாருக்கும் தெரியவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். எதிர்ப்பக்கம் மகள் தோழிகளோடு நின்றாள். நான் அந்தப் பக்கம் போகவே இல்லை.

காலையில் கணுக்காலுக்கு மேலே நின்ற அங்கி, சாப்பாட்டு நேரத்தில் செருப்பைத் தொட்டது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. என் பெயரைக் கூப்பிட்டபோது அது தரையைப் பெருக்கிக்கொண்டு வந்தது. கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மேடைப் படியில் ஏறினேன். இரண்டாவது படியில் கால் துணியில் மாட்டியது. இரண்டு முட்டியும் படியில் இடிக்க விழுந்தேன். அரங்கம் சிரித்தது. கெட்ட சிரிப்பில்லை, ஆனாலும் சிரிப்புத்தான். நான் முதலில் பார்த்தது மகளைத்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விழா நடத்திய மாணவர்கள் என்னைத் தூக்கி ஓரமாக நிறுத்திவிட்டு அடுத்த ஆளை மேடைக்கு அனுப்பினார்கள். அடி பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் மனசு விட்டுப்போயிற்று. பிள்ளைக்கு வெட்கக்கேட்டைத் தேடித் தந்துவிட்டோமே, இப்படியே பஸ் ஏறிவிடலாம் என்று அங்கியைக் கழற்றக் கழுத்து முடிச்சில் கையை வைத்தேன்.

"அசையாம நில்லு."

கீழே மகள் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் பதிகிற மேசையிலிருந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்து வந்திருந்தாள். வெட்டினால் நூல் பிரிந்துவிடுமே என்று அங்கே நின்ற மாணவர் ஒருவர் தடுக்க வந்தார்.

"பனியன் துணிங்க. பிரியாது, ஓரம் கொஞ்சம் சுருளும், அவ்வளவுதான்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள். "துணிய ரிலாக்ஸ் உட்டியா?"

இல்லை என்றேன்.

"ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் திட்டற" என்று முணுமுணுத்தாள். வெட்டிக்கொண்டே என்னைச் சுற்றி நகர்ந்தாள். கோணல் இல்லாமல், ஒரே அளவில் வெட்டினாள். அதற்குள் அவளுடைய தோழி ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே. "ரொம்ப நன்றிங்க" என்றேன், முன்பின் தெரியாதவளிடம் சொல்வதுபோல. மகள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் படியில் ஏற்றிவிட்டாள்.

மேடையின் நடுவே போய் நின்றேன். மின்விசிறிக் காற்றில் அங்கி நன்றாகவே பறந்தது. மைக் வைத்திருந்த பையன் நான் யார், எந்தக் கதை என்றெல்லாம் கேட்டான். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், கை தட்டினார்கள். கடைசியாக, "தனியாவா வந்தீங்கக்கா? வீட்ல இருந்து யாரும் வரலியா?" என்று கேட்டான்.

"தனியாத்தாங்க வந்தேன்" என்றேன்.

மேடைக்குக் கீழே ஒரு கை உயர்ந்தது. அந்தக் கையில் கத்தரிக்கோல் இருந்தது. மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி மகள் சொன்னாள்.

"இல்லீங்க, அவங்க எங்கூட வந்தாங்க. என்ற அம்மா."