அமிர்தத்தின் வயலில் போன கோடு

குடவாசலில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் மீரா உசேன் பாய், தென்னிந்திய அளவில் நடக்கும் ஒரு போட்டியில் நான்கு வருடமாக இரண்டாம் இடம் பிடித்து வந்தார். நான்கு வருடமும் பேனர் அடித்தவன் நான். என் பிளெக்ஸ் கடை அவர் கடைக்கு அடுத்த கதவு. வர்த்தகர் சங்கம் சொல்லும், நான் அடிப்பேன், பாய் அந்தப் பேனருக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு ஷட்டரைத் தூக்குவார். அடக்கமான மனிதர் என்று ஊரே நினைத்தது. நானும்தான் நினைத்தேன்.

ஐந்தாம் வருடப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, டீ குடிக்கப் போன இடத்தில் உண்மையைச் சொன்னார். அவர் பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, சொந்தப் பெட்டி வைத்து வானலையில் வெளியூர்க்காரர்களோடு பேசும் அமெச்சூர் ரேடியோக்காரர். போட்டி அன்று காலை ஆறிலிருந்து பன்னிரண்டு மணிக்குள் யார் அதிகம் பேரோடு ரேடியோவில் பேசுகிறாரோ அவருக்கு முதலிடம். வீட்டில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் ஒரு பிரிவு. பெட்டியையும் ஆன்டெனாவையும் தூக்கிக்கொண்டு வெளியே போய்ப் பேசுகிறவர்கள் இன்னொரு பிரிவு. பாய் இருந்த இரண்டாவது பிரிவில் மொத்தம் இரண்டே பேர். மற்றவர், நாகப்பட்டினத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் சிங்காரவேலு.

"எத்தன பேருல ரெண்டாவதுன்னு சங்கத்துல யாரும் கேக்கலைங்க. நானும் சொல்லல. பேனரப் பாத்தாலே உடம்பு கூசுது. ஒரே ஒரு தடவ நெசமா ஜெயிச்சுட்டேன்னா தீந்துரும்" என்றார்.

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. டீயைக் குடித்து அடக்கிக்கொண்டேன்.

ஜெயிக்க ஒரு வழியும் வைத்திருந்தார். போட்டிக்காரர்கள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறார்களாம். ஒரு கட்டத்தில் நின்று பேசிய அதே ஆட்களோடு அடுத்த கட்டத்துக்குப் போய் மறுபடி பேசினால், அது புதுக் கணக்கு. பதினோராவது டிகிரி அட்சரேகை அப்படி ஒரு கட்டத்தின் எல்லை. அது ஆடுதுறைக்குப் பக்கத்தில் போகிறது. கோட்டுக்குத் தெற்கே நின்று பேச வேண்டியது, இருபதடி நடந்து வடக்கே போய் அதே ஆட்களோடு மறுபடி பேச வேண்டியது. சிங்காரவேலுவோ வருடா வருடம் கோடியக்கரையில்தான் போய் உட்காருவார். அங்கே மான் பார்க்கலாம், இந்த மாதிரிக் கோடு கிடையாது.

மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. பாய் தன் எக்ஸெல் வண்டியில் ரேடியோ, பேட்டரி, அலுமினிய ஆன்டெனா எல்லாம் கட்டிக்கொண்டு கிளம்பினார். வழியில் மூன்று பேர் நிறுத்தி, பழைய டிவி ஆன்டெனா விலைக்கு வருமா என்று கேட்டிருக்கிறார்கள். ஆடுதுறை தாண்டி, செல்போனில் இடம் பார்த்துக்கொண்டே ஒரு வரப்பில் நடந்தார். கோடு ஓர் உளுந்து வயலின் நடுவே போயிற்று. அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு, தூரத்திலிருந்து தெரியட்டும் என்று சிவப்புத் துணியைக் கட்டினார்.

டெல்டாவில் அடுத்தவன் வயலில் சிவப்புத் துணி கட்டிய குச்சியை நட ஒருவருக்குத் துணிச்சல் வேண்டும், இல்லை என்றால் அறிவு இருக்கக்கூடாது. பாய்க்குத் துணிச்சல் கிடையாது.

தெற்கே நின்று ஒன்பது பேரோடு பேசி முடிப்பதற்குள் வயலுக்குச் சொந்தக்காரி அமிர்தம் வந்துவிட்டாள். பின்னாலேயே பத்துப் பேர்.

"எதுக்குங்க இந்தக் குச்சி? கேஸ் குழாய்க்கா, பைபாஸுக்கா?"

"ரெண்டும் இல்லம்மா. இது அட்சரேகை."

"எந்தக் கம்பெனி அது?"

பாய் பொறுமையாக விளக்கினார். பூமி உருண்டை, அதில் குறுக்கே கோடுகள், அதில் ஒன்று இந்த வழியாகப் போகிறது. யாரும் போட்டதில்லை, கண்ணுக்கும் தெரியாது, உலகத்தையே சுற்றி வருகிறது.

"சுத்தட்டும், வேண்டாங்கல. எங்க வயல்ல மட்டும் வேண்டாம். வடக்கால எங்க பங்காளி பரணிதரன் வயல் சும்மாதான் கெடக்கு. அதுல வுட்டுக்குங்க."

"அப்படி மாத்த முடியாதும்மா."

"ஏன், ஆபீசருக்கு மனு குடுக்கணுமா?"

மணி பதினொன்று தாண்டிவிட்டது. பாய் இரண்டு கையையும் கூப்பி, ஒரு மணி நேரத்தில் குச்சியோடு போய்விடுகிறேன் என்று கெஞ்சினார். அமிர்தம் திரும்பிப் பங்காளி வயலைப் பார்த்தாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, குச்சியைத் தாண்டி வடக்கே இருபதடி நடந்து, தெற்கே திரும்பி ஆன்டெனாவைத் திருப்பினார். ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். மெல்லிய குரலைப் பிடிக்க அவர் அப்படித்தான் கண்ணை மூடுவார். காரைக்கால் கிடைத்தது, தஞ்சாவூர் கிடைத்தது. பன்னிரண்டு அடிப்பதற்குள் ஆறு பேர் ஆனார்கள். மொத்தம் பதினைந்து. சிங்காரவேலு அன்றைக்குப் பதினாலோடு நின்றுவிட்டதை ரேடியோவிலேயே சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தார்.

பாய் கண்ணைத் திறந்தார். எதிரே தெற்கில் இருக்க வேண்டிய குச்சி, அவருக்குப் பின்னால் வடக்கே ரொம்பத் தூரத்தில், பரணிதரன் வயலில் நின்றது.

யார் தொட்டது என்று கேட்டார். யாரும் தொடவில்லை என்று பத்துப் பேரும் சாமி மேல் சத்தியம் செய்தார்கள். சர்வே குச்சியைப் பிடுங்கினால் கேஸ் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். செல்போனிலும் சார்ஜ் போய்விட்டிருந்தது. தான்தான் தப்பாக நடந்துவிட்டோமோ என்று பாய்க்குச் சந்தேகம் வந்தது. மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுப் போய்ப் பார்த்தார். செல்போன் கோட்டைக் காட்டியது, ஆனால் எல்லா வரப்பும் ஒரே மாதிரி இருந்தது. தான் நின்ற இடம் எது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

"நிச்சயமா வடக்கால நின்னேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். தெரியாம எப்படிப் போடுறது?" என்று அந்த ஆறு பேரையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். ஒன்பது. மறுபடி இரண்டாம் இடம்.

இந்தத் தடவையாவது உண்மையைப் போடு என்று என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். "இரண்டு பேரில் இரண்டாம் இடம்" என்று அதில் இருந்தது. என் தப்பை ஒப்புக்கொள்கிறேன். தொழில் புத்தி விடவில்லை. யாராவது காசு கொடுத்து இப்படி அடிப்பானா? நடுவில் ஒரு 'ஆயிரம்' சேர்த்து, "இரண்டாயிரம் பேரில்" என்று பத்தடிக்கு எட்டடியில் அடித்து மாட்டிவிட்டேன். பாய் அதைப் பார்த்துவிட்டு மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

வைகாசியில் மோட்டார் எரிந்துபோய் அமிர்தம் அவர் கடைக்கு வந்தாள். பாயைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. எனக்குக் காது அந்தப் பக்கமாகத்தான் இருந்தது.

"பாய், நீங்க கண்ண மூடிக்கிட்டு இருந்தப்ப நான்தான் குச்சியப் புடுங்கி அவன் வயல்ல நட்டேன். கேஸ் போட்டுராதீங்க."

"அதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சு?"

"நீங்க நட்ட எடத்துலதான். உங்களுக்குத் தெக்கால."

பாய் கையிலிருந்த செம்புக் கம்பியைக் கீழே வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். அவருடைய உதடு மட்டும் அசைந்தது. ஒன்பதும் ஆறும் பதினைந்து என்று கூட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கோடு இப்பவும் பரணிதரன் வயல்லதானே இருக்கு? திரும்பி வந்துராதே?" என்று கேட்டாள் அமிர்தம்.

"அது எப்பவுமே உங்க வயல்லதாம்மா இருக்கு. பயப்படாதீங்க, யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணாது. அதுல நின்னுதான் நான் மொதல்ல வந்தேன்."

அவள் வெளியே வந்து என் பேனரை அண்ணாந்து பார்த்தாள்.

"இங்க ரெண்டாவதுன்னு போட்டுருக்கே?"

"அது ஊருக்குங்க" என்றார் பாய். அன்று சாயங்காலம் தலையை நிமிர்த்திக்கொண்டு ஷட்டரை இறக்கினார்.