பதிவேட்டில் முழு ஊசி

எங்கள் கம்பெனி மேனேஜர் யாரையும் ஒரு நாள்கூடத் திட்டியதில்லை. நான்கு வருடம் அவரிடம் வேலை பார்த்தேன். ‘ங்க’ போடாமல் ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்கும் அதே மரியாதைதான். இதைச் சொன்னால், ‘அடடா, நல்ல மனுஷர் போலிருக்கிறதே’ என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கத்துகிறவனிடம் திருப்பிக் கத்தலாம். தேன் தடவிப் பேசுகிறவரிடம் என்ன செய்வது? சொன்னதைச் செய்துவிட்டு வந்து உட்காரத்தான் முடிந்தது. நானும் அப்படித்தான் செய்தேன்.

கம்பெனி திருப்பூர் மண்ணரையில் இருந்தது. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்த கதை இது. வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான பனியன் துணி உடுப்புகளைத்தான் அங்கே தைத்தார்கள். பிளஸ் டூ பாஸ் செய்த பெண் என்று எனக்கு மெஷினுக்குப் பதிலாக ஒரு மேஜையும் ஊசிப் பதிவேடும் கொடுத்தார்கள். தைக்கும்போது ஊசி உடைந்தால், அதன் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி என்னிடம் கொண்டுவர வேண்டும். நான் அவற்றைச் சேர்த்துப் பார்த்து, ஊசி முழுசாக இருந்தால் செல்லோ டேப்பால் பதிவேட்டில் ஒட்டி, நேரமும் மெஷின் நம்பரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் புது ஊசி கொடுப்பேன். ஒரு துண்டு குறைந்தாலும் ‘லைன்’ என்கிற அந்த மெஷின் வரிசையையே நிறுத்தி, தைத்து முடித்த உடுப்பையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். எங்கோ இருக்கும் ஒரு குழந்தையின் முதுகில் ஊசித்துண்டு குத்திவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அதைக் குறை சொல்லவில்லை.

துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் ஓர் அக்கா இருந்தாள். என்னைப் போலவே தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள். லைன் வீட்டில் எனக்கு அடுத்த கதவு. அவளுடைய வீட்டுக்காரர் பல்லடத்தில் தறிப்பட்டறை வேலையில் இருந்தார், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவார். இருவரும் சேர்ந்து மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு, கறி எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். மற்ற நாளெல்லாம் அக்காவும் நானும் ஒன்றாக நடந்து வேலைக்குப் போய் ஒன்றாகத் திரும்புவோம். அந்த லைனிலேயே அவள் கைதான் வேகமான கை. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

காலை டீ முடிந்த நேரத்தில் அது நடந்தது. ஊசி அவளுடைய வலது ஆள்காட்டி விரல் நகத்தின் மேலே இறங்கி எலும்பில் போய் ஒடிந்தது. அவள் கத்தவில்லை. இடது கையால் மெஷின் சக்கரத்தைத் தானே திருப்பி விரலை விடுவித்துக்கொண்டாள். பக்கத்து டெய்லர் மெஷின் ஆயிலை எடுத்து விரலில் ஊற்றி, பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றிக் கட்டினான். பனியன் கம்பெனிகளில் எல்லாக் காயத்துக்கும் அதுதான் மருந்து. சுவரில் முதலுதவிப் பெட்டி தொங்கியது. சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி சார்பில் ஆடிட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கும்போது குறையாமல் இருக்க வேண்டுமே என்று அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். மருந்தைப் பூட்டி வைத்துவிட்டு ஆயிலை ஊற்றுகிற கூத்து அங்கே யாருக்கும் கூத்தாகவே தெரியவில்லை.

சூப்பர்வைசர் ஓடி வந்து முதலில் கேட்டது, “ஊசி எங்க?” என்றுதான். காந்தக்கட்டையை எடுத்துக்கொண்டு மெஷினுக்கு அடியில் தவழ்ந்தான். மேல் துண்டு மெஷினிலேயே இருந்தது. நடுத்துண்டு துணியில் கிடைத்தது. முனையைக் காணவில்லை. அக்காவை ஒருவன் ஸ்கூட்டரில் ஏற்றி, கம்பெனி வழக்கமாக அனுப்பும் கிளினிக்குக்குக் கூட்டிப் போனான். லைன் நின்றுவிட்டது. அன்று மாலை சரக்கு லாரியில் ஏற வேண்டும்.

மேனேஜர் என் மேஜைக்கு வந்தார். “கண்ணு, முனை கெடைக்கலீங்களா?”

“இல்லீங்க சார்.”

“எங்காச்சும் தரையில உழுந்திருக்குமுங்க. லைன் நிக்குதுங்களே. நீங்களே ஒரு முனை பாத்து ஒட்டிப்போடுங்க கண்ணு.”

மழுங்கிப்போன ஊசிகளைப் போட்டுவைக்கும் டப்பா என் டிராயரில் இருந்தது. அதே அளவில் ஒன்றை எடுத்து, கட்டிங் பிளேயரால் முனையை நறுக்கி, மற்ற இரண்டு துண்டுகளோடு சேர்த்து ஒட்டினேன். அழகாகப் பொருந்தியது. கையெழுத்துப் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மறுபடி மெஷின்கள் ஓடிய சத்தம் கேட்டபோது எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஒட்டியதைவிட அந்த ‘அப்பாடா’வைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

முனை விரலுக்குள் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லையா? தோன்றியது. டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் என்ன செய்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் எக்ஸ்ரே எடுக்கலாமா என்று போனில் கேட்டிருக்கிறார். மேனேஜர், “ஊசி முழுசா எங்க ரெஜிஸ்டர்லயே இருக்குதுங்க டாக்டர்” என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் ஊசி போட்டு, கட்டுக் கட்டி, மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஒரு வாரம் கழித்து அக்கா வேலைக்கு வந்தாள். விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. ஓவர்லாக்கில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. மேனேஜர் உடனே வந்தார். “சிரமப்படாதீங்க. லேசான வேலை தர்றமுங்க” என்றார். அந்த லேசான வேலை என்ன தெரியுமா? உடுப்பில் தொங்கும் நூல் பிசிறுகளைச் சின்னக் கத்திரியால் நறுக்குவது. காலை முதல் சாயங்காலம் வரை அதே விரலால் அழுத்தி அழுத்தி நறுக்க வேண்டும். அடிபட்ட விரலுக்கு இதைவிடப் பொல்லாத வேலை அந்தக் கட்டடத்திலேயே கிடையாது. உடம்பு சரியாகாதவருக்கு எந்த வேலை தரலாம் என்று யோசிக்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. சம்பளம் குறைந்த வேலையென்றால் லேசான வேலை, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

இரண்டு முறை அவள் போய் முறையிட்டாள். இரண்டு முறையும் மேனேஜர் என்னைப் பதிவேட்டோடு கூப்பிட்டார். நான் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். “பாருங்க, மூணு துண்டும் இருக்குதுங்க. உள்ளார ஒண்ணுமில்லீங்க. பயந்துட்டீங்க, அதான். மனசுதானுங்க காரணம்” என்றார். அக்கா அந்த முனையைக் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பதிவேட்டை மூடினேன்.

அதற்குள் லைனிலும் பேச்சு மாறிவிட்டது. முதல் வாரம் ரொட்டியும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவர்கள், நான்காவது வாரத்தில் “நல்லா நடிக்கா” என்று காதுபடவே சொன்னார்கள். அவளுக்குப் பதிலாக ஓவர்லாக்கில் உட்கார்ந்தவளுக்கு அந்த இடம் நிலைக்க வேண்டும் என்ற ஆசை வேறு. சொன்னவர்கள் மீது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒருத்தியிடம் சண்டைக்கே போனேன். என்ன யோக்கியதையில் போனேன் என்று கேட்காதீர்கள்.

அந்த விரலோடு அவளால் தலை பின்ன முடியாது. தினமும் காலையில் நான்தான் பின்னிவிடுவேன். அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். முகத்தைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம். இன்று சொல்லிவிட வேண்டும் என்று மூன்று பிரி எடுப்பேன். பின்னி முடித்து ரப்பர் பாண்டு போடுவேன், வாய் திறக்க மாட்டேன். சொன்னால் வேலை போகும் என்ற பயம். சாயங்காலம் உப்பு வெந்நீர் வைத்துக் கொடுப்பேன். பெரிய உபகாரம்!

ஏழாவது வாரத்தில் அவள் கையிலிருந்து கத்திரி நழுவி ஓர் உடுப்பில் விழுந்து ஓட்டை போட்டது. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். “நீங்க ஊருக்குப் போயி நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு, சரியான பொறவு வாங்க. எப்ப வந்தாலும் இது உங்க கம்பெனிதானுங்க” என்றார். வேலையை விட்டு நிறுத்துவதற்கு இதைவிட இனிப்பான வாக்கியம் எவனுக்கும் வராது. அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அந்த முதுகைப் பார்த்தபோதுதான் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பதிவேட்டை அப்படியே போட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினேன்.

“அக்கா, வா. எக்ஸ்ரே எடுப்போம்.”

“எதுக்குட்டி? உள்ள ஒண்ணும் இல்லன்னு சொல்லுதாவளே.”

கையைப் பிடித்து இழுத்துப் பஸ்ஸில் ஏற்றினேன். அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எலும்பை ஒட்டி ஓர் அரிசியளவுக்கு வெள்ளையாக ஒரு கோடு. “இது உள்ள இருக்கும்போது எந்தப் புண்ணும்மா ஆறும்? இத்தனை நாள் எப்படித் தாங்கின?” என்று கேட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“அப்ப அந்த ஏட்டுல ஒட்டியிருந்தது எது?”

வராந்தாவில் நின்று சொன்னேன். மழுங்கின ஊசியைச் சொன்னேன், கட்டிங் பிளேயரைச் சொன்னேன், மேனேஜர் கேட்டதைச் சொன்னேன். அவர் கேட்டார் என்பதைத்தான் நான் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன் என்பதும் எனக்குத் தெரியும். என்னைத் திட்டினால், ஓர் அறை விட்டால் நன்றாயிருக்கும் என்று நின்றேன். அவள் உள்ளே போய் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்தாள்.

துண்டை எடுத்துவிட்டார்கள். விரல் பாதிதான் மடங்கும், தினமும் பழக்கினால் இன்னும் கொஞ்சம் வரலாம் என்றார்கள். பனியன் வேஸ்ட்டை இறுக்கிச் சுருட்டி, பந்து மாதிரி கட்டிக் கொடுத்தேன். காலையும் மாலையும் வெந்நீரில் விரலை ஊறவைத்து, கணுக்கணுவாக மடக்கிவிடுவேன். வலியில் பல்லைக் கடிப்பாள். என்னைத் தடுக்கவும் மாட்டாள், என்னோடு பேசவும் மாட்டாள். நான் போகாத நாளில் அவளே பந்தை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த வைராக்கியத்தை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை.

விரல் முக்கால்வாசி மடங்கத் தொடங்கிய வாரம் எக்ஸ்ரே படத்தைக் கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைத்தேன். அக்காவுக்கு ஓவர்லாக்கே வேண்டும், பீஸ் கணக்கு வேண்டாம், கை பழகும்வரை நாள் சம்பளம் போட வேண்டும் என்றேன். அவர் படத்தைத் தொடவில்லை.

“ரெஜிஸ்டர்ல உங்க கையெழுத்துதானுங்களே இருக்குது, கண்ணு?”

“ஆமாங்க சார். அடுத்த ஆடிட்டுக்கு வாறவங்ககிட்ட அந்தப் பக்கத்தைத் திறந்து நானே சொல்லுதேன். நான் வேலைக்கு இல்லாட்டியும் கேட்டுக்கு வெளிய நின்னு சொல்லுதேன்.”

பேனாவை உருட்டினார். பிறகு, “டீ சாப்பிடறீங்களா?” என்றார். மேஜையில் இருந்த எதையாவது எடுத்து அவர் தலையில் போட்டிருப்பேன். அதற்குள் திங்கட்கிழமை அக்காவை வரச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை பழையபடி இருவரும் நடந்தோம். கம்பெனிக்கு ஒரு தெரு இருக்கும்போது அவள் நின்றாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அவளாக என்னிடம் பேசியது அன்றுதான்.

“ஏட்டி, ஒண்ணு சொல்லணும். ஊருக்குப் போன்னு மேனேஜரு சொன்னதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம, நான் பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனேன்.”

“எதுக்குக்கா?”

“ஊசி முழுசா இருக்குன்னு ஏட்டைக் காட்டுதாவ. எல்லாரும் நடிப்புங்காவ. எனக்கோ வலி உயிர் போகு. அப்ப நாந்தான பொய் சொல்லுதேன், வேலைக்குச் சோம்பப்பட்டு இப்படி ஆயிட்டேன்னு நெனச்சுட்டேன். நடிக்கேன் சாமி, மன்னிச்சுக்கிடுங்கன்னு சாமியார்ட்ட சொன்னேன். அவரு ஒரு செபமாலை சொல்லச் சொன்னாரு.” வலது கையைத் தூக்கி விரலைப் பார்த்தாள். “இந்த வெரலாலதான்ட்டி அம்பத்து மூணு மணியும் உருட்டுனேன்.”

சொல்லிவிட்டு நடந்தாள். எட்டரை மணி பெல் அடித்தது. அவள் உள்ளே போய் ஓவர்லாக்கில் உட்கார்ந்து நூல் கோத்துவிட்டாள். நான் இன்னும் தெருவில்தான் நின்றுகொண்டிருந்தேன்.