தகரக் கூரையின் கீழ் ஒரு மாதிரி வீடு

மலைநாடு என்றாலே குளிர் என்று கொழும்பில் இருப்பவர்கள் நம்புகிறார்கள். எங்கள் வீட்டைக் கட்டியவர்களும் அதையே நம்பியிருக்க வேண்டும். லிந்துலைக்கு மேலே, தேயிலையைப் பிடுங்கிய ஒரு மேட்டில், தோட்ட லயத்தின் ஒற்றை அறைகளில் இருந்த எங்களுக்குத் தனி வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். திறப்பு விழாவில் மூன்று பேர் காற்றோட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். மூவரில் ஒருவர்கூட வீட்டுக்குள் ஐந்து நிமிடம் நிற்கவில்லை. கூரை வெறும் தகரம். அதற்குக் கீழே சீலிங் கிடையாது. முன்னறையின் இரண்டு ஜன்னல்களில் ஒன்றைத் திறக்கவே முடியாதபடி கண்ணாடி வைத்துப் பூசியிருந்தார்கள். வெளிச்சத்துக்காம்.

முதல் மார்ச் மாதத்திலேயே வண்டவாளம் தெரிந்துவிட்டது. காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போவேன். மத்தியானம் திரும்பி வந்து கதவைத் திறந்தால், வெக்கை முகத்தில் அடிக்கும். என் மனைவி அந்த அறையில்தான் தையல் மெஷினை வைத்துப் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் மகளுக்கு அப்போது நாலு மாதம். கழுத்து மடிப்பெல்லாம் வேர்க்குரு வந்து, பால் குடிக்கக்கூட மறுத்து அழுதாள். உச்சி வெயில் நேரத்தில் மனைவி வேலையைப் போட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலைத் தண்ணீர் வந்து விழும் பீலிக்குப் பக்கத்து மர நிழலில் போய் உட்காருவாள். புது வீட்டுக்காரிக்கு மரத்தடிதான் வாய்த்தது.

வீட்டுத்திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரியைத் தேடி டவுனுக்குப் போனேன். அவர் அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, சிங்களம் கலந்த தமிழில், "மாஸ்டர், ஆட்கள் நுவரெலியாவுக்கு வாறதே குளிருக்குத்தானே?" என்றார். பிறகு பெருந்தன்மையோடு ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்து நீட்டினார். கோடையில் வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது எப்படி என்று அதில் படம் போட்டு விளக்கியிருந்தது. மேற்குப் பக்கம் மரம் நடவேண்டும். எங்கள் மேற்குச் சுவருக்கு இரண்டடி தள்ளி அடுத்த வீட்டுச் சுவர் நிற்கிறது. தடித்த திரைச்சீலை போடவேண்டும். ஏ.சி.யை இருபத்தாறில் வைத்தால் மின்சாரம் மிச்சமாகும். அதை அவர் முகத்துக்கு நேரே வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். நானோ நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த நன்றியை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

சித்திரை வருடப் பிறப்புக்குக் கொழும்பிலிருந்து அண்ணன் வந்தார். பிள்ளை படும் பாட்டைக் கேள்விப்பட்டு, தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர் கூலர் ஒன்றை வேனில் ஏற்றி வந்திருந்தார். ஊரே வேடிக்கை பார்க்க அதை இறக்கினோம். குளிர் வெளியே போகக்கூடாது என்று அண்ணன் கதவையும் ஜன்னலையும் தன் கையாலேயே சாத்தினார். ஒரு மணி நேரத்தில் அறை குளியலறை மாதிரி ஆகிவிட்டது. மெத்தை நசநசத்தது. மனைவி தைத்து வைத்திருந்த துணிகளில் ஈரம் ஏறியது. பிள்ளை முன்னைவிட உரக்க அழுதாள். அண்ணன் மெல்ல எழுந்து, காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று பீலிப் பக்கம் போனவர், சாப்பாட்டுக்குத்தான் திரும்பினார். போகும்போது, மெஷினில் குறையில்லை, எங்களுக்குப் பாவிக்கத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வேன் வளைவில் மறைந்ததும் மனைவி கூலரை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். பிறகு கூரையைப் பார்த்தபடி சொன்னாள்: "ஏங்க, சூடு மேலதானே நிக்குது. அது வெளிய போறதுக்கு ஒரு வழி விட்டா என்ன?"

பாடப் புத்தகத்தில் இதை வருடா வருடம் படிப்பிக்கிறவன் நான். அந்த அழகுக்கு, எனக்கு அது தோன்றவில்லை.

டவுனில் பேக்கரி வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் வெறும் மாவுச் சாக்குகள் கேட்டு வாங்கி வந்தாள். அலசிக் காயவைத்து, பிரித்து, ஒன்றோடொன்று தைத்துப் பெரிய விரிப்பாக்கினாள். அதைக் கூரைச் சட்டங்களுக்குக் கீழே இழுத்துக் கட்டினோம். நான் முன் சுவரிலும் பின் சுவரிலும் தகரத்தை ஒட்டி இரண்டிரண்டு கற்களைத் தட்டி எடுத்தேன். மழை உள்ளே வராமல் மேலே ஒரு தகரத் துண்டைச் சாய்த்தேன். பூசி வைத்த கண்ணாடியைப் பெயர்த்துவிட்டுப் பலகைக் கதவு போட்டேன். கடைசியாகக் கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். மழை வந்தால் கரைந்து போகும், வருடா வருடம் அடிக்கவேண்டும் என்று நானா முன்பே சொல்லியிருந்தார். மறுநாள் மத்தியானம் பிள்ளை முன்னறையிலேயே தூங்கினாள். பத்து நாளில் கழுத்து வேர்க்குரு உதிர்ந்தது.

சுவரை உடைத்த செய்தி கேட்டதும், அதுவரை ஒரு நாளும் வராத அதிகாரி வந்துவிட்டார். அனுமதியில்லாமல் கல்லை எடுத்தது பெரிய குற்றம் என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். உள்ளே வந்து உட்கார்ந்ததும் சத்தம் குறைந்தது. சாக்கு விரிப்பை அண்ணாந்து பார்த்தார். தேத்தண்ணி குடித்தார். இன்னொன்றும் கேட்டு வாங்கிக் குடித்தார். போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து ஒரு கூட்டத்தை அழைத்து வந்து, குறைந்த செலவில் குளிர்ச்சி தரும் மாதிரி வீடு என்று எங்கள் வீட்டைக் காட்டினார். சாக்கு யாருடைய யோசனை என்று வந்தவர்களில் ஒரு பெண் கேட்டாள். தங்கள் அலுவலகத்தின் யோசனை என்று அவர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார். என் மனைவி தையல் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தி, "அப்ப மத்த வீடுகளுக்கும் எப்ப தைச்சுக் குடுப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அதே வாரம், சுவரைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு அவருடைய கையெழுத்தோடு எனக்குக் கடிதம் வந்தது. இனி உடைக்கமாட்டேன் என்று எழுதி அனுப்பினேன். உடைக்க வேண்டியவை எங்கள் வரிசையில் மிச்சமிருக்கவில்லை. எல்லா வீட்டுக்காரர்களும் அதற்குள் உடைத்து முடித்திருந்தார்கள்.