ரோட்டைப் பார்த்து வைத்த சோலார்

படூரில் ஒரு பள்ளிக்குச் சீருடைகளைக் கொடுத்துவிட்டு ரெபேக்காள் திருக்கழுக்குன்றம் திரும்பியபோது சாயங்காலமாகிவிட்டது. அவள் இல்லாத நேரத்தில் ஆட்கள் வந்து மொட்டை மாடியில் சோலார் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஆறு பேனல்களும் பளிச்சென்று தெரிந்தன. அவற்றுக்குக் கீழே கம்பெனியின் பெயர்ப் பலகை, போன் நம்பரோடு. அவளுக்குச் சுருக்கென்றது. ரோடு வீட்டுக்கு வடக்கே இருந்தது. பேனல்கள் ரோட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

தெற்கே பார்த்து வையுங்கள் என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்களின் மகள் அவள். பதினொரு வருடம் ஏற்றுமதிக் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்து, பிறகு சொந்தமாக நாலு மோட்டார் மிஷின் போட்டவள். கரண்ட் பில் வரும் மாதமெல்லாம் தையல் கூலியில் பாதி அதற்கே போய்விடும். அதற்குத்தான் சோலார். மார்கழி, தை மாதங்களில் வெயில் தெற்கு ஜன்னல் வழியாகத்தான் மிஷின்மேல் விழும் என்பதை அவளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

கம்பெனி இன்ஜினியர் பக்தவத்சலத்துக்குப் போன் போட்டாள்.

"சார், வடக்கப் பாத்து வச்சிட்டு போயிட்டாங்க."

"வெயிலு தலைக்கு மேலதானம்மா அடிக்குது? எந்தப் பக்கம் வச்சா இன்னா? நீ தைக்கிற வேலையப் பாரு. ஒரு வாரம் ஓடட்டும், அப்பால வந்து கையெழுத்து வாங்கிக்கிறேன்."

ஒரு வாரமும் பொழுது சாய்ந்ததும் இன்வெர்ட்டரில் தெரிந்த யூனிட்டைத் துணி வெட்டும் மேசையில் சாக்குக்கட்டியால் எழுதி வைத்தாள். எட்டு, ஒன்பது, எட்டு. அடுத்த தெருவில் நெல் மில் வைத்திருக்கும் ஜெகதீசன் வீட்டிலும் அதே கம்பெனி, அதே ஆறு பேனல்; ஆனால் தெற்கே பார்த்தவை. அவர் மனைவி துர்காதேவி ஜாக்கெட் வாங்க வந்தபோது தங்கள் வீட்டு யூனிட்டைப் போனில் காட்டினாள். பதிமூன்று.

"எங்க வூட்டுக்கு மூணு தபா வந்து கேட்டாங்களே, எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு," என்றாள் துர்காதேவி. "உன்னைக் கேக்கலியா?"

யூனிட் குறைந்ததைவிட அந்தக் கேள்விதான் ரெபேக்காளை அதிகம் சுட்டது.

பக்தவத்சலம் காகிதங்களோடு வந்தபோது அவள் மேசையைக் காட்டினாள். அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"இப்ப தை மாசம்மா. சித்திரை, வைகாசியில எல்லாம் சரியாயிடும்."

"அப்ப மில்லுக்காரரு வூட்ல மட்டும் ஏன் தெற்க வச்சீங்க?"

"அது உள் தெரு. இது மெயின் ரோடு, போறவன் வர்றவன் கண்ல படும். எங்களுக்கும் நாலு ஆர்டர் வரணுமில்ல?"

"உங்க போர்டு மாட்டவா நான் வூடு கட்டினேன்?"

அவன் அவளை விட்டுவிட்டு, சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேன் ஓட்டும் அவள் கணவன் ஜான்சன் பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்க சார். கையெழுத்து போட்டுடச் சொல்லுங்க."

"வூடு அவ பேர்ல கீது," என்றான் ஜான்சன். "அவளாண்டயே பேசு."

வேலை முடிந்தது என்று அவள் கையெழுத்துப் போட்டால்தான் சோலாருக்குக் கடன் கொடுத்த வங்கி கம்பெனிக்கு மீதிப் பணத்தைக் கொடுக்கும். அவள் போடவில்லை. அடுத்த இரண்டு நாளும் பக்தவத்சலம் போனை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் மிஷின்களை மூடி வைத்துவிட்டு, செங்கல்பட்டில் இருந்த அவர்கள் ஆபீசுக்கே போனாள். முதலாளி வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். உள்ளே அவர் இருமுவது கேட்டது. அவள் வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாள். சோலார் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் தன் வீட்டு யூனிட் படத்தையும் துர்காதேவியிடம் கேட்டு வாங்கிய படத்தையும் போனில் காட்டினாள்.

"எந்தப் பக்கம் வைப்பாங்கன்னு எழுதி வாங்கிகினு அப்பால கையெழுத்து போடுங்க. வாயால சொன்னா காத்துல போயிடும்."

ஒரு வயதான தம்பதி படத்தையும் உள் அறைக் கதவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு ஒருவர். பன்னிரண்டு மணிக்குள் முதலாளி 'வெளியிலிருந்து' வந்துவிட்டார்.

"எதுக்கும்மா இவ்ளோ கோவம்? சின்ன விஷயம்."

"சின்ன விஷயம்னா அன்னிக்கே செஞ்சிருக்கலாமே."

சனிக்கிழமை ஆட்கள் வந்து பேனல்களைக் கழற்றித் தெற்கே திருப்பினார்கள். பலகை மட்டும் இருக்கட்டுமா என்று கேட்டார்கள். கூடாது என்றாள். அவர்கள் இறங்கிய பிறகு மாடிக்குப் போய்ப் பார்த்தால், பழைய போல்ட் துளைகள் பன்னிரண்டும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. முதல் மழைக்கே தளம் ஒழுகும். வண்டியைக் கிளப்பியவர்களை நிறுத்தி மறுபடி மேலே ஏற்றினாள். ஒவ்வொரு துளையையும் கலவை போட்டு அடைத்து, தண்ணீர் ஊற்றிக் காட்டும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

மறுநாள் சாயங்காலம் பதிமூன்று யூனிட் காட்டியது. நாலு நாள் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பக்தவத்சலம் காகிதத்தை வாங்கிப் பையில் வைத்தான். தப்பு எங்கள் பேரில் என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. அதையே நினைத்துக்கொண்டு அவள் அன்று பிற்பகல் தைத்த முதல் காலர் கோணிப் போனது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள்.