சூரியனில் கறை பார்க்கும் ஹாலிஜா

"முதல்ல இவனுக்கு முக்காடு. அப்புறம்தான் வெயில்" என்று சொல்லிக்கொண்டே ஹாலிஜா தொலைநோக்கியின் வாயில் வெள்ளித்தாள் வடிகட்டியை மாட்டி, நான்கு பக்கமும் துணிக் கிளிப்புகளால் கவ்வ வைக்கிறாள். அதற்கு முன்பே படிக்கட்டு பல்புக்கு எதிரே அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து, குண்டூசி முனையளவு ஓட்டையாவது இருக்கிறதா என்று பார்த்தாயிற்று. தன் தலையிலுள்ள முக்காடு காற்றில் நழுவினால் ஒரு கையால் இழுத்துவிட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். தொலைநோக்கியின் முக்காடு கொஞ்சம் அசைந்தாலோ, மாடியே அதிரும்படி ஒரு கத்தல். சூரியனை அவள் இன்றுவரை நேருக்கு நேர் பார்த்ததில்லை. படம் பிடித்துத் திரையில்தான் பார்ப்பாள்.

பொந்தியானாக்கில், கப்புவாஸ் ஆற்றங்கரையை ஒட்டி அவளுடைய சலவைக் கடை. கிலோ கணக்கில் துணி வாங்கி, துவைத்து, மடித்துக் கொடுக்கிறாள். உலர்த்தும் இயந்திரம் ஒன்று கீழே தூங்குகிறது. அடைமழை நாளில்தான் அதை எழுப்புவாள். மற்றபடி எல்லாம் மொட்டைமாடிக் கொடிதான். ஊராரின் போர்வைகளுக்கும் சட்டைகளுக்கும் நடுவே மூன்று காலில் நிற்கிறது தொலைநோக்கி. வெயிலில் மடிக்கணினித் திரை தெரியாது என்பதால் அதன் மேல் யாராவது ஒரு வாடிக்கையாளரின் போர்வை கூடாரமாக நிற்கும். போர்வைக்காரருக்கு இது தெரியாது. தெரிந்தாலும் ஹாலிஜாவிடம் கேட்டு மீள முடியாது.

"நாள் பூரா அவரை நம்பித்தான் பொழப்பு. கூட வேலை பாக்கிறவரு மூஞ்சி எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்க வேணாமா?" என்பாள்.

அவர் என்றால் சூரியன். இதனால் வந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. மேகம் மூடிய ஒரு காலையில், "அவரு இன்னும் எந்திரிக்கவே இல்ல" என்று மாடியிலிருந்து அலுத்துக்கொண்டாள். எதிர்க் காப்பிக்கடை கோ அசென் பதறிப்போய், "ஐயோ காக், பாங் ஜம்முக்கு உடம்பு சரியில்லையா?" என்று ஒரு கோப்பை இஞ்சிக் காப்பியோடு ஓடி வந்துவிட்டார். காக் என்றால் அக்கா, பாங் என்றால் அண்ணன்; அந்த ஊரில் மனைவியும் கணவரைப் பாங் என்றுதான் கூப்பிடுவாள். பாங் ஜம் என்கிற ஜம்ஹூரி, ஹாலிஜாவின் கணவர், அந்த நேரத்தில் ஆற்றின் நடுவில் படகு ஓட்டிக்கொண்டிருந்தார். காப்பியை ஹாலிஜாவே குடித்தாள்.

சூரியனின் முகத்தில் வரும் கரும்புள்ளிகளுக்கு அவள் வைத்திருப்பது சலவைக்காரியின் பெயர்கள். சிதறிக் கிடந்தால் மிளகாய்ச் சம்பல் கறை. ஒன்று பெரிதாகி நடுவில் கறுத்து ஓரத்தில் வெளிறியிருந்தால் காப்பிக் கறை. நீளமாக வால் விட்டால் பேனா மைக் கறை. சூரியன் சுற்றச் சுற்ற அவை இந்த ஓரத்தில் எழும்பி, அந்த ஓரத்தில் போய் மறையும். "ரெண்டு வாரத்துல தானா போயிடும் அவரு கறை. நம்ம ஊர்க்காரங்க கறைதான் என்ன தேய்ச்சாலும் போகாது" என்று பெருமூச்சு விடுவாள்.

படங்களைத் தினமும் ஒரு கைபேசிக் குழுவுக்கு அனுப்புவாள். கூப்பாங்கிலும் மனாடோவிலும் பாண்டுங்கிலும் இருக்கிற, அவளைப் போலவே வெயிலில் கிறுக்குப் பிடித்த ஆட்கள். இருமுறை அவர்களிடம் மூக்குடைபட்டிருக்கிறாள். முதல் முறை அவள் கண்டுபிடித்த "அசாத்தியக் கறை", சூரியனுக்குக் குறுக்கே பறந்த குருவி. இரண்டாம் முறை கேமராவுக்குள் ஒட்டியிருந்த பஞ்சுத்தூசி. அதிலிருந்து எதையும் சோதித்த பிறகுதான் அனுப்புகிறாள். கேமராவைத் திருகிப் பார்த்தால் தூசி திரையில் இருந்த இடத்திலேயே கிடக்கும். கறை சூரியனோடு சேர்ந்து இடம் மாறும்.

அந்த ஊரில் தனியாகத் திருகக்கூட வேண்டியதில்லை. பூமத்திய ரேகை மேலே கிடக்கிற ஊர். நண்பகலில் சூரியன் மண்டைக்கு மேலே வந்து நின்றுகொள்ளும். தொலைநோக்கியை அவ்வளவு நிமிர்த்தினால் அதன் பின்புறம் முக்காலியில் இடிக்கும். ஆகவே ஹாலிஜா மதியம் குழாயை மறுபக்கமாகப் புரட்டிப் போடுவாள். புரட்டினால் படமும் தலைகீழாகிவிடும். காலையில் மேலே வலப்பக்கம் இருந்த கறை, மதியம் கீழே இடப்பக்கம் போய் உட்காரும். இதற்குப் பழகாத புது ஆள் யாராவது குழுவில் "இரண்டு கறையா?" என்று கேட்டால் அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஜம்ஹூரி இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டுவார். சம்பான் என்கிற சின்னப் படகில் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆளேற்றுவது அவர் தொழில். மோட்டாரைக் கிளப்பும் இழுகயிற்றை மாலையாகக் கழுத்தில் போட்டிருப்பார். சாப்பிடும்போதும் கழுத்தில்தான். "கயிறு எங்கிட்ட இருக்கிற வரைக்கும் படகு என்னது" என்பார். கேலிக்காரர் என்று கரை முழுக்கப் பெயர். கொடியில் தொங்கிய போலீஸ் சீருடையைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா சார், காப்பி சாப்பிட்டீங்களா?" என்று கும்பிட்டு விசாரித்தார் ஒருநாள். ஹாலிஜா சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். படகுத்துறைத் தூணில் சம்பான் முட்டினால் "ஆறு தள்ளுது, நான் என்ன பண்ண?" என்பார். இப்போதெல்லாம் ஆறு கொஞ்சம் அடிக்கடி தள்ளுகிறது.

இந்த வருடம் புகை மூட்டம் நீண்டுவிட்டது. சதுப்புக் காடு எரிந்தால் வழக்கமாக வருகிற புகைதான். சூரியன் பழுத்த தக்காளியாகத் தொங்கும். தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் அண்ணாந்து பார்ப்பான். அதுதான் ஹாலிஜாவுக்குப் பொறுக்காது. "முக்காடே இல்லாம ஊருக்கெல்லாம் மூஞ்சி காட்டுறாரு பாரு, வெக்கங்கெட்ட மனுசன்" என்று தொலைநோக்கியைப் போர்த்தி வைத்துவிட்டாள். பிறகு மழை வந்தது. மூன்று நாள் கொட்டித் தீர்த்து, வானத்தைக் கழுவி உதறிக் காயப்போட்ட மாதிரி ஆக்கிவிட்டது.

அந்தக் கழுவிய வானத்தில்தான், ஒரு சனிக்கிழமைக் காலை, அவளுக்குக் கறை ஒன்று தட்டுப்பட்டது. சூரியனின் ஓரத்தில், கசகசா அளவு. உடனே குழுவுக்கு அனுப்பினாள். "எங்க படத்துல ஒண்ணும் இல்லையே காக். திரும்பவும் குருவியா?" என்று பதில் வந்தது. கூடவே வாய்பொத்திச் சிரிக்கும் பொம்மைகள்.

அதைப் படித்தவள் மகள் விவின். சுகாதார நிலையத்தில் நர்ஸ். அம்மா அவளுக்கு மாக், அப்பா பாக். சூரியனையே பார்த்து அம்மாவுக்குக் கண் கெட்டுவிடும் என்று ஏற்கனவே ஊரெல்லாம் அவளைத் துளைத்துக்கொண்டிருக்கிறது.

"மாக், அந்தக் கறை சூரியன்ல இல்ல. உன் கண்ணுல இருக்கு."

"எங்கண்ணுல உன் கண்ணுபடாம இருந்தா சரி."

"விளையாடாத. திங்கக்கிழமைக்குக் கண் டாக்டர்கிட்ட உன் பேரைப் பதிஞ்சுட்டேன். நாளைக்கு மத்தியானம் வரேன். உன்னைத் தவிர வேற யார் கண்ணுக்காவது அந்தக் கறை தெரியணும். தெரியலைன்னா டெலஸ்கோப்பைக் கழட்டிக் கீழ கொண்டாந்துடுவேன். அப்புறம் அழக் கூடாது."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா ஆயுசுக்கும் வாயே திறக்க மாட்டேன்."

"சரி" என்றாள் ஹாலிஜா. சொல்லிவிட்டாளே தவிர, இரவு சோறு இறங்கவில்லை. தொலைநோக்கி இல்லாத மாடியில் வெறும் துணி மட்டும் காய்வதை நினைத்ததும் எழுந்து மேலே போய், குழாயை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நின்றாள்.

ஞாயிறு காலை. சவாரிக்கு நடுவில் ஜம்ஹூரி ஸ்ரீகாயா இனிப்புப் பாகு தடவிய வாழைப்பழ வறுவலோடு மாடியேறி வந்தார். ஹாலிஜா அவரைப் போர்வைக் கூடாரத்துக்குள் இழுத்து உட்கார வைத்தாள்.

"பாங், நல்லாப் பாத்துச் சொல்லுங்க. மேல, வலது பக்கம், ஓரத்துல."

அவர் திரையருகே குனிந்தார். "ஆமா, ஆமா! கொழுகொழுன்னு இருக்கே."

கசகசாவைக் கொழுகொழு என்கிறாரே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் நிம்மதி. சாட்சி ஒருவர் கிடைத்துவிட்டார்.

மதியம் விவின் வந்தாள். சீருடையைக்கூட மாற்றவில்லை. ஹாலிஜா குழாயைப் புரட்டிப் போட்டு, புதிதாக ஒரு படம் எடுத்துத் திரையில் வைத்திருந்தாள்.

"நான் காலையிலேயே பாத்துட்டேன்" என்றார் ஜம்ஹூரி, நெஞ்சை நிமிர்த்தி. "உங்கம்மா கண்ணு பருந்துக் கண்ணு."

"அப்படியா? எங்க இருக்கு, நீங்களே காட்டுங்க பாக். மாக், நீ மூச்சு விடக் கூடாது."

ஜம்ஹூரி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. விரலை நேராகக் கொண்டுபோய்த் திரையின் மேலே, வலது ஓரத்தில் வைத்தார்.

ஹாலிஜாவுக்குத் திக்கென்றது. போச்சு, சாட்சியே கெடுத்துவிட்டார்!

விவின் குனிந்து பார்த்தாள். "இங்க ஒண்ணுமே இல்லையே. ரெண்டு பேரும் சேர்ந்து எனக்குக் காது குத்துறீங்களா?" என்றவள், நிமிரப் போய், மறுபடி குனிந்தாள். "இரு இரு. இது என்ன? கீழ, இடது பக்கம். குட்டியா, கசகசா மாதிரி..."

"அதுதான்!" ஹாலிஜா துள்ளிக் குதித்ததில் கூடாரம் சரிந்து மூவர் தலையிலும் விழுந்தது. "அதேதான் என் கறை! குழாயைப் புரட்டினேன், அதுவும் புரண்டுச்சு. தூசியா இருந்தா காலையில இருந்த எடத்துலயே கெடந்திருக்கும். கண்ணு கெட்டுப்போச்சாம்ல எனக்கு? கசகசான்னு நான் உங்கிட்ட சொன்னேனா? நீயா சொன்னே!"

போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டிய விவின் சிரித்துவிட்டாள். "சரி தாயே, ஜெயிச்சுட்டே. பசிக்குது, நான் கீழ போறேன்."

அவள் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை ஹாலிஜா ஆடிக்கொண்டிருந்தாள். போர்வையைத் திரும்ப நிறுத்திவிட்டுத் திரும்பியபோதுதான் கணவரின் கையைப் பார்த்தாள். விரல் இன்னும் திரையின் மேலே, வலது ஓரத்திலேயே இருந்தது. அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். என்ன நடந்தது என்று தெரியாமல் சிரிக்கிற சிரிப்பு.

போலீஸ் சீருடை நினைவுக்கு வந்தது. படகுத்துறைத் தூண் நினைவுக்கு வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தோமே என்று அவளுக்கு உள்ளே சுருக்கென்று தைத்தது.

"பாங், காலையில இதுல என்ன பாத்தீங்க?"

"அதான் சொன்னேனே."

"இல்ல. என்ன பாத்தீங்க?"

ஜம்ஹூரி விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நீ சொன்னதைப் பாத்தேன் லிஜா" என்றார்.

"எத்தனை நாளா இப்படி?"

"புகைன்னு நெனச்சேன். ஊருக்கே மூட்டமாத்தானே இருந்துச்சு? மழை வந்தாப் போயிடும்னு இருந்தேன். மழையும் வந்துச்சு. எல்லாருக்கும் புகை போயிடுச்சு. எனக்கு மட்டும் போகல."

ஹாலிஜாவுக்குக் கோபம் வந்தது. "பச்சைப் புள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திட்டுப் போறீங்க! ஆத்துல கட்டை மிதந்து வந்தா என்ன பண்ணுவீங்க? சலாம் போட்டு நலம் விசாரிப்பீங்களா?"

"ஆறு எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்."

"கண்ணை மூடிட்டுத்தானே ஓட்டிட்டு இருக்கீங்க!"

"கத்தாத. விவினுக்குக் கேட்டா படகைப் புடுங்கிடுவா." சொல்லும்போது கழுத்துக் கயிற்றை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். நேற்று இரவு தான் குழாயைப் பற்றிக்கொண்டு நின்றது ஹாலிஜாவுக்கு நினைவு வந்தது. அதே பயம்தான் இதுவும் என்று புரிந்தது. அதற்கு மேல் அவளால் அதட்ட முடியவில்லை.

"அது புகையில்ல பாங்" என்றாள், குரலைத் தாழ்த்தி. "கண்ணுல புரை விழுந்திருக்கும். அதுவும் ஒரு கறைதான். அதை எடுத்துடுவாங்களாம், விவின் சொல்லியிருக்கா."

"நம்ம ஊர்க்காரங்க கறை போகாதுன்னு நீதானே சொல்லுவே?"

"இது போகும்."

கீழே படகுத்துறையிலிருந்து யாரோ கைதட்டினார்கள். "பாங் ஜம்! அக்கரைக்கு நாலு பேரு!"

"வர்றேன், வர்றேன்!" பழக்கத்தில் குரல் கொடுத்துவிட்டு அவர் எழுந்தார்.

ஹாலிஜா வழியை மறித்து நின்றாள். மாடிச் சுவரோரம் எட்டி, "விவின்! திங்கக்கிழமை டாக்டருக்குப் பதிஞ்சியே, அந்தப் பேரை மாத்திடு. உங்க பாக் பேரைப் போடு!" என்று கத்தினாள். பிறகு தொலைநோக்கியின் வாயிலிருந்த முக்காட்டைக் கழற்றி, மூடியைப் போட்டு மூடினாள். மாலைப் படம் இன்னும் எடுக்கவில்லை. கழற்றிய நான்கு கிளிப்புகளையும் உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு, கணவரின் கழுத்திலிருந்த கயிற்றை மெல்ல உருவினாள். அவர் தலையைக் குனிந்துகொடுத்தார். இரண்டு படுக்கை விரிப்புகளுக்கு நடுவில், அந்தக் கயிற்றைத் துணிக்கொடியில் போட்டு, நான்கு கிளிப்பையும் ஒவ்வொன்றாக அழுத்திக் குத்தினாள்.