கைப்பிரேக் இழுத்தபடி நின்ற கார்

எனக்கு எழுத்துச் சரியாக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுதிக்கொண்டு போகையில் பாதி மறந்தும் விடுகிறது. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

என் கணவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. அவர் பிறப்பதற்கு முன்னரே செய்த கார். அதன் பிரேக்குக்கு எண்ணெய்க் குழாய் கிடையாது. மிதித்தால் நான்கு இரும்புக் கம்பிகள் இழுபட்டு நான்கு சில்லையும் பிடிக்கும். ஒரு கம்பி கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

அவர் போன பிறகு, ஆண்டுத் திவசம் முடியும்வரை அதைத் தொடக்கூடாது என்றார்கள் வீட்டில். மகன் கைப்பிரேக்கை இறுக்கி இழுத்துவிட்டு மூடி வைத்தான். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குக் கடல் கிட்ட. ஒரு வருட உப்புக்காற்றில் பிரேக் கட்டை துருவேறி, சில்லுக்குள் இருக்கும் ட்ரம்மோடு ஒட்டிவிட்டது. திவசம் முடிந்து ஆட்கள் சேர்ந்து தள்ளியும் கார் அசையவில்லை.

கலியாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடுகிற ஒருவர் இரத்மலானையிலிருந்து வந்து பார்த்தார். பழைய பிரேக்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடப் போகிறாராம். மகன் தலையாட்டினான். வீட்டுக்கு ஆள் வந்தால் தேத்தண்ணீரை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறவள் நான். அன்றைக்குப் போகவில்லை.

"காரை விக்கேலாது" என்றேன்.

"அம்மா, இந்தப் பழைய பிரேக்குக்கு இது நிக்காது. ஆரையும் இடிச்சு பொலிஸ் பிடிச்சா நீங்களே மறியலுக்குப் போவியள்?"

"நிக்கப் பண்ணினா?"

"உங்களுக்குச் சைக்கிளே ஓடத் தெரியாது."

"ஓடச் சொல்லி ஆர் தம்பி கேட்டது? நிப்பாட்டத்தானே கேக்கிறன்."

வந்தவர் சிரித்துவிட்டார். மகன் சிரிக்கவில்லை. எங்கள் தெரு ஒழுங்கையின் மேலிருந்து இறக்கி, கீழே கடலோர ரோட்டான மரைன் டிரைவுக்கு முன்னால் உள்ள வெள்ளைக் கோட்டில் கார் நேராக நின்றால் வீட்டோடு இருக்கட்டும், இல்லாவிட்டால் இவருக்கு என்றான். ஓம் என்றேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து மெக்கானிக் பாஸைக் கூப்பிட்டேன். அவர் ட்ரம்களைக் கழற்றித் துருவைத் தேய்த்தார், கட்டைகளுக்குப் புது லைனிங் அடித்தார். பிறகு காரை ஜாக்கில் தூக்கி, மிதியை அமுக்கி வைப்பதற்காக சீட்டுக்கும் மிதிக்கும் நடுவே ஒரு பலகையை முட்டுக் கொடுத்தார்.

"பலகையை எடுங்கோ பாஸ். நான் மிதிக்கிறன்."

"வேணாம்மா, சாரியெல்லாம் கிரீஸ் பட்டுரும்."

"படட்டும். என்ரை மனுசன் ஒருநாளும் பலகை வைச்சதில்லை."

அந்த நாளில் என் கணவர் கீழே கிடந்து சில்லைச் சுற்ற, நான்தான் மேலே இருந்து மிதிப்பேன். மெல்ல, இன்னும் கொஞ்சம், விடு என்று அவர் சொல்லச் சொல்ல என் கால் கேட்கும். அப்படியே பாஸுக்கும் மிதித்தேன். பாதி மிதியில் முன் இடச்சில்லு மற்றவற்றுக்கு முந்திப் பிடித்தது. பாஸ் அந்தக் கம்பியின் நட்டைத் தளர்த்தினார். மறுபடி மிதி, மறுபடி நட்டு. பின்னேரம்வரை அதே வேலை.

மறுநாள் காலை பாஸ் ஓட்ட, பக்கத்தில் நான் ஏறினேன்.

"இறங்குங்கோ அம்மா!" என்று மகன் கத்தினான்.

"இறங்கமாட்டன்."

கார் இறக்கத்தில் வேகம் பிடித்தது. பாஸ் மிதித்தார். கோட்டுக்கு முன்னால் நின்றோம், ஆனால் மூக்கு இடப்பக்கம் திரும்பியிருந்தது. மகன் ஓடி வந்து அதைக் காட்டினான்.

"பாருங்கோ, இழுக்குது. நேரா எண்டுதானே கதைச்சது?"

அவன் சொன்னதில் பிழையில்லை. ஆனால் ஒரு தரம்தான் என்று யாரும் கதைக்கவில்லையே.

"நட்டை இன்னும் கொஞ்சம் விடுங்கோ பாஸ். தம்பி, நீ சும்மா நிண்டு கத்தாமல் மேலை தள்ளு."

தள்ளினான். இரண்டாம் தரம் கார் நேராக நின்றது. மகன் முன்னுக்கும் பின்னுக்கும் நடந்து பார்த்தான். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் வீட்டுக்குப் போய்விட்டான். இரத்மலானைக்காரருக்கு நானே போன் எடுத்து, வரவேண்டாம் என்றேன்.

முந்திப் பிடித்தது இடச்சில்லா வலச்சில்லா, நட்டைத் தளர்த்தினாரா இறுக்கினாரா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். கார் நின்றதைத் திருத்த வேண்டாம்.