சிரித்தே தள்ளிவிட்டார்

பி.ஏ. ஆங்கிலம் படித்த பாவத்துக்கு, ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியில், தொழிலாளர் கமிட்டிக் கூட்டத்தில் பேசுவதைக் குறித்துவைக்கும் மினிட்ஸ் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. தையல் மெஷினில் கிடந்தவளுக்குத் திடீரென்று ஆபீஸ் நாற்காலி, டீ, பிஸ்கட். அப்போதே எனக்குச் சந்தேகம்தான். சும்மா யார் பிஸ்கட் தருவார்கள்?

என் தோழி பசை தடவும் பகுதியில் இருந்தாள். அங்கே நெடியை வெளியே இழுக்கும் ஃபேன் ஒரு மாதமாக ஓடவில்லை. மத்தியானம் ஆனால் அவளுக்குத் தலை சுற்றும். கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஹெச்.ஆர். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார்.

"ஃபேன் தூங்குதும்மா, எழுப்பிடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

'லாஃப் ஆஃப்' என்றால் பிரச்சினையைச் சிரித்தே தள்ளிவிடுவது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். அன்றுதான் அதைக் கண்ணால் பார்த்தேன். ஃபேன் புகாரை நிர்வாகம் 'லாஃப்டு ஆஃப்' என்று மினிட்ஸில் அப்படியே எழுதிவிட்டேன். எங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் படிக்கும் காகிதம் அது.

மறுநாள் அதிகாரி கூப்பிட்டார். "இன்னாம்மா இது? 'நோட்டட்', கவனிச்சுக்கிட்டோம்னு மாத்திடு."

"நீங்க சிரிச்சீங்களே சார்."

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு உதைத்தது. ஆளனுப்பி என் தோழியை வரவழைத்தார். "உனக்குத் தலை சுத்துதாமே?"

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஈயென்று சிரித்தாள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். வெயில் ஜாஸ்தி, அதான்."

"எழுதிக்கோம்மா" என்றார்.

எழுதினேன். இவளுக்கு என்ன கொடுத்து மடக்கினார்கள், எப்போது பேசி வைத்தார்கள் என்று சாயங்காலம் வரை மனசுக்குள் குடைந்துகொண்டே இருந்தேன். பேரணாம்பட்டு பஸ்ஸில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் பொறுக்கவில்லை.

"எவ்ளோ குடுத்தாங்கடி?"

"பைத்தியமா நீ? அடுத்த மாசம் என் கான்ட்ராக்ட் முடியுது. சிரிக்காம இன்னா பண்ணச் சொல்ற?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பஸ் கிளம்பியதும் அவள் கண்ணை மூடிக்கொண்டு முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் என்னைப் புடிச்சுக்கோ" என்றாள். "சுத்துது."